மூன்றாவது வரியின் காரணம்

கோணம் ADB = கோணம் ADC என்று எழுதி முடித்துவிட்டேன், எதிரே காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது, அதை நிரப்ப ஒரே ஒரு சொல் போதும், அமைப்பு என்று எழுதிவிட்டால் இந்த மாதிரி வகுப்பு முடிந்தது, பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவரும் எழுந்துகொள்வார்கள், ஒருவேளை வேலையும் எனக்குக் கிடைத்துவிடும், ஆனால் சாக்பீஸ் கரும்பலகையைத் தொட்டபடி நிற்கிறது, கை நகரவில்லை. மின்சாரம் போய்விட்டது. விசிறி நின்றதும் எங்கோ தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மருந்து நெடி ஜன்னல் வழியாக வந்து வகுப்பறையில் தங்கிவிட்டது. ரவிக்கையின் கைக்குழியில் ஈரம் பரவுவது தெரிகிறது, அதைப் பின்னால் இருப்பவர்களும் பார்ப்பார்கள், எனவே கையை உயர்த்தக்கூடாது, உயர்த்தாமல் எப்படி எழுதுவது. என் பின்னால் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள். அவர்களுக்கும் பின்னால் தலைமையாசிரியை சுகிர்தா மேடமும் கணிதத் துறைத் தலைவர் சுயம்புலிங்கம் சாரும். சற்று முன்பு வராந்தாவில் அவர்தான் என்னை நிறுத்தி, "டெமோதானே மேடம், பெருசா ஒண்ணும் வேண்டாம். இருசமபக்க முக்கோணம், ரெண்டு பக்கம் சமம்னா எதிர்க் கோணமும் சமம். A-லேருந்து கீழே ஒரு கோடு. அது கோணத்தைப் பாதியாக்கும், அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாவும் இருக்கும். கோணம்-பக்கம்-கோணம், கோ-ப-கோ விதி. மூணே வரி, முழு மார்க். நம்ம பிள்ளைங்களுக்கு இந்த வரிசைதான் மனப்பாடம்" என்றார். நான் சரிங்க சார் என்றேன். அவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே சரிங்க சார் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை அது. யோசிக்கும் இடத்தைத் தொடாமல் தொண்டையிலிருந்து நேராக வந்தது. அப்புறம் வகுப்புக்குள் வந்து, கொடுக்கப்பட்டது AB = AC என்று எழுதி, இரு பக்கங்களிலும் சமக்குறியாகச் சிறு கோடு கிழித்து, அமைப்பு என்ற தலைப்பின் கீழ் AD கோணம் A-யை இருசமமாகப் பிரிக்கிறது, மேலும் BC-க்குச் செங்குத்து என்று அவர் சொன்னபடியே, என் அழகான கையெழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன்.

மேலும். அந்தச் சொல்தான். மேலும் என்று எழுதும்போது கூடக் கை நிற்கவில்லையே. புள்ளி A-யிலிருந்து கோணத்தைப் பாதியாக்கும் கோடு ஒன்றை வரையலாம், அதற்கு உரிமை உண்டு. செங்குத்தாக ஒரு கோடு வரையலாம், அதற்கும் உரிமை உண்டு. இரண்டும் ஒரே கோடுதான் என்று எந்த உரிமையில் சொன்னேன்? இந்த முக்கோணத்தில் அவை ஒன்றாகத்தான் விழும், அது உண்மை, ஆனால் அந்த உண்மை நிரூபணத்தின் முடிவில் வர வேண்டியது, அதைக் கொண்டுவந்து வாசலிலேயே உட்கார வைத்துவிட்டேன். பட்ட மேற்படிப்பில் பதக்கம் வாங்கியவள். முதல் வரி, கோணம் BAD = கோணம் CAD, காரணம் அமைப்பு. இரண்டாம் வரி, AD = AD, காரணம் பொதுப் பக்கம். மூன்றாம் வரி, இரண்டும் செங்கோணம், காரணம், காரணம். சொல்லிவிடு, அமைப்பு. ஆகவே இரு முக்கோணங்களும் சர்வசமம், ஒன்றை எடுத்து மற்றதன் மேல் மடித்தால் விளிம்போடு விளிம்பு பொருந்தும், ஆகவே கோணம் B = கோணம் C. யாருக்கு என்ன நஷ்டம்? முடிவு சரியானது. முடிவு சரியாக இருக்கும்போது வழியைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? இந்தப் பெண்கள் தேர்வில் இப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று அவரே சொல்கிறார். எனக்கு வேண்டியது இந்த வேலை, அதைவிட வேண்டியது வேலையோடு வரும் அறை, விடுதிக் காப்பாளர் அறை, உள்ளிருந்து தாழிடக்கூடிய ஒரு கதவு. ஒரு வருடமாக அண்ணன் வீட்டின் நடு அறையில் படுத்திருக்கிறேன். கழிவறைக்குப் போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டும்போது எல்லோரும் மெதுவாக நடக்கிறார்கள், அந்த மெதுவான நடையைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கிறேன். மதினி ஒரு சொல் கூடத் தவறாகப் பேசியதில்லை. நான் விருந்துக்கு வந்து போன நாட்களில் என்னை நீ என்றுதான் அழைப்பாள், "செண்பகம், நீ உக்காருட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். பெட்டியோடு வந்து இறங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து, "செண்பகம், நீங்க சாப்பிட்டாச்சா?" அந்த ங்க எங்கிருந்து வந்தது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் தொலைக்காட்சியைப் பார்த்தபடி, "வேலை கிடைச்சாத்தான்னு ஒண்ணும் இல்ல, நீ இங்கயே இருக்கலாம்" என்றான், என் பக்கம் திரும்பாமலே. நான் சரி என்றேன். குழம்பில் உப்பு குறைவா என்றால் சரி, கூடுதலா என்றாலும் சரி. இப்படித்தான் வராந்தாவிலும் அந்தச் சொல் வந்தது.

"ஏட்டி, டீச்சருக்கு மறந்து போச்சுட்டி" என்று யாரோ கிசுகிசுக்கிறாள். "சும்மா இரி, யோசிக்காங்க." "என்னத்த யோசிக்காங்க, அமைப்புதான? சொல்லிக் குடுப்பமா?" "நீ சொல்லு, உனக்குத்தான் வாய் ஜாஸ்தி." சிரிப்பை அடக்கும் மூக்கொலி. எவ்வளவு நேரமாக நிற்கிறேன்? வெகு நேரம் ஆகியிருக்காது, மனம் ஓடும்போது கடிகாரம் ஓடாது, ஆனால் பின்பெஞ்சில் சுயம்புலிங்கம் சாரின் செருப்பு தரையில் ஒருமுறை தேய்கிறது, அது பொறுமையின் ஓசை இல்லை. கண்ணைக் கரும்பலகையின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோகிறேன். கொடுக்கப்பட்டது: AB = AC. எத்தனை அழகாக எழுதியிருக்கிறேன், அடிக்கோடு வேறு. அதைக் கீழே எங்கே பயன்படுத்தினேன்? முதல் வரியில் இல்லை. இரண்டாம் வரியில் இல்லை. மூன்றாம் வரியிலும் தேவைப்படவில்லை. கொடுத்ததைத் தொடாமலே முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். அப்படியானால் எதைக் கொடுத்தாலும் இந்த முடிவுதான் வரும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் இதே முடிவுதான். இப்படிப்பட்ட நிரூபணம் எனக்குப் புதியதா? பதினெட்டு வருடம் அதற்குள்தானே குடியிருந்தேன். கணவர் அடித்ததில்லை, குடித்ததில்லை, அதனால்தான் உறவுக்காரர்களிடம் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை, "கையை நீட்டுனாரா? இல்லைல்ல? பொறவு என்னத்துக்கும்மா வந்த?" என்று பெரியம்மா கேட்டபோது எதிர்ப்பக்கம் இப்படித்தான் வெறுமையாக இருந்தது. அவர் கேட்பது ஒன்றுதான்: நிரூபி. பேருந்து தாமதம் என்றால், "எந்த பஸ்? கண்டக்டர் எப்படி இருந்தான்?" பயணச்சீட்டைக் காட்டினால், "டிக்கெட் யாரு வேணும்னாலும் பொறுக்கிட்டு வரலாம்." கூட வந்த பக்கத்து வீட்டு அக்காவைச் சொன்னால், "அவ உனக்குத்தான பேசுவா." நான் சீட்டு வைத்திருந்தாலும் குற்றவாளி, தொலைத்திருந்தாலும் குற்றவாளி, பேசினால் மழுப்புகிறேன், பேசாவிட்டால் ஒப்புக்கொள்கிறேன். கொடுக்கப்பட்டது எதுவும் அவருடைய நிரூபணத்தில் எங்கும் பயன்படுவதில்லை. முடிவு முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். இடையில் வரிகள் நேர்த்தியாக, ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். எவ்வளவு காலம் நான் அந்த வரிகளில் பிழை தேடினேன். ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். பிழை வரிகளில் இல்லை, வரிகளுக்கு முன்னால், இருக்கட்டும் என்று முதலில் விட்டுக்கொடுத்த ஒரு இடத்தில் இருந்தது.

"பிள்ளைங்களா, மூணாவது காரணம் என்ன? டீச்சருக்குச் சொல்லுங்க" என்று சுயம்புலிங்கம் சார் பின்னாலிருந்தே குரல் கொடுக்கிறார். உதவி செய்கிறார். உண்மையில் உதவிதான் செய்கிறார், குரலில் எரிச்சலை மறைத்துக்கொண்டு நான் விழாமல் தாங்கப் பார்க்கிறார், நல்ல மனிதராகவே இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். "அமைப்பு!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்கிறது, ஜன்னல் கம்பிகள் அதிர்கின்றன, அந்தக் குரலில் ஒரு துளி ஐயம் இல்லை. இனி எழுதாமலிருக்க ஒரு சாக்கும் கிடையாது. எழுது. வேலையில் சேர்ந்தபிறகு, ஆறு மாதம் கழித்து, ஆசிரியர் அறையில், பக்கத்தில் யாரும் இல்லாத சமயம், சார், அந்த அமைப்பில் ஒரு சிறு திருத்தம் என்று பணிவாகச் சொல்லலாம். சொல்வேனா? ஆறு மாதம் சரிங்க சார் சொன்ன வாய் அதன்பிறகு வேறு எதைச் சொல்லும். அதற்குள் இந்தப் பெண்கள் இதை எழுதி எழுதி, நேர்த்தியாக அடுக்கிய எதையும் நிரூபணம் என்று நம்பக் கற்றிருப்பார்கள். ஒருநாள் இவர்களில் ஒருத்தியின் முன்னால் ஒருவன் வரிகளை அடுக்கிக் காட்டும்போது, கொடுத்ததை எங்கே பயன்படுத்தினாய் என்று கேட்க இவளுக்குத் தோன்றாது. மிகைப்படுத்துகிறேன். இது ஒன்பதாம் வகுப்பு வடிவியல். ஒரு முக்கோணம். ஒரு கோடு. நடு அறை. மெதுவான நடை. அண்ணன் மகளுக்கு இந்த வருடம் பொதுத்தேர்வு, அவளுக்குத் தனியாகப் படிக்க இடம் வேண்டும், நேற்று மதினி சமையலறையில் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் வந்ததும் நிறுத்திவிட்டு, "காப்பி போடட்டுமா செண்பகம், உங்களுக்கு?" என்றாள். அமைப்பு என்று எழுதிவிடு. அ எழுதிவிட்டேன். வெள்ளையாக, தெளிவாக, ஒரு அ.

துடைப்பானை எடுக்கிறேன். அந்த ஒற்றை எழுத்து போகிறது. திரும்பி நிற்கிறேன், முகங்கள், எண்ணெய் தேய்த்து இறுக்கிய சடைகள், அனைவர் கையிலும் தயாராகப் பேனா. பின்பெஞ்சைப் பார்க்காதே. "இன்னொரு முக்கோணம் போடுறேன், அப்புறம் இதுக்கு வரலாம்" என்கிறது என் குரல், எதிர்பார்த்ததைவிட உறுதியாக. PQR, வேண்டுமென்றே ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போகும் முக்கோணம். "PQ-வும் PR-ம் சமமா?" "இல்ல டீச்சர்!" "ஸ்கேல் வச்சுப் பாக்க வேண்டாமா?" முதல் பெஞ்சில் மாரிக்கனி என்று பெயர்ப்பட்டை குத்தியிருப்பவள், "ஸ்கேல் எதுக்கு டீச்சர், காத்துல சாஞ்ச கூரை மாதிரி இருக்கு" என்கிறாள், சிரிப்பு. "சரி. P-யிலேருந்து ஒரு கோடு. அது கோணத்தைப் பாதியாக்குது, QR-க்குச் செங்குத்தாவும் இருக்கு. போடலாமா?" "போடலாம் டீச்சர்!" பழகிய வரிசை, ஒரு பெண்ணும் தயங்கவில்லை, PS என்று பெயரிடுகிறேன். "முதல் வரி?" கோணமும் கோணமும், அமைப்பு. "ரெண்டாவது?" பொதுப் பக்கம். "மூணாவது?" அமைப்பு. "எந்த விதி?" "கோ-ப-கோ!" "ஆகவே ரெண்டு முக்கோணமும் சர்வசமம். ஆகவே PQ = PR" என்று எழுதி நகர்ந்து நிற்கிறேன். நடுவரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொள்கிறாள், அது பக்கத்துக்குப் பரவுகிறது, வகுப்பே சிரிக்கிறது, "அய்யோ, சாஞ்ச கூரை நிமிந்துட்டுட்டி!" "அப்ப எல்லா முக்கோணமும் இருசமபக்கமா டீச்சர்?" "மூணு வரியும் சரியாத்தான இருக்கு, எங்க தப்பு?" மாரிக்கனி மட்டும் சிரிக்கவில்லை, கரும்பலகையை முறைக்கிறாள்.

"நிறுத்துங்கம்மா" என்கிறார் சுயம்புலிங்கம் சார், எழுந்துவிட்டார், சிரிப்பு அணைந்துவிட்டது. "அந்தக் கோட்டைப் போட்டது நீங்கதானே மேடம்?" இதுதான். நீங்கள்தான் வராந்தாவில் சொன்னீர்கள் என்று சொன்னால் அது உண்மை, சொன்ன மறுகணம் இது முக்கோணத்தைப் பற்றியதாக இருக்காது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதாக ஆகிவிடும், அந்த விசாரணையில் நான் ஜெயித்ததே இல்லை. "ஆமா சார். ரெண்டு முக்கோணத்துலயும் நான்தான் போட்டேன். ரெண்டுலயும் போட்டிருக்கக் கூடாது." அவர் பெஞ்சுகளுக்கு நடுவே வருகிறார், மெதுவாக, இது அண்ணன் வீட்டு நடை இல்லை, ஒவ்வொரு அடியும் கேட்கிறது. கையை நீட்டுகிறார். சாக்பீஸைக் கொடுக்கிறேன். சாய்ந்த முக்கோணத்தின் மூன்று வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறார், உதடுகள் அசைகின்றன, மூன்றாவதில் நிற்கிறார், மறுபடி முதல் வரி. எனக்குத் தெரியும் அந்தத் தேடல், வரிகளுக்குள் கிடைக்காது. பின் நான் போட்ட PS-ஐத் துடைக்கிறார். மேசை மேலிருந்த மரக் காம்பஸை எடுத்து, P-யை மையமாக வைத்து வில் போட்டு, முறையாகக் கோணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு கோடு கீழே இழுக்கிறார். மூலைமட்டத்தை அடிப்பக்கத்தில் பொருத்தி, P-க்கு நேராக நகர்த்தி, செங்குத்தாக இன்னொரு கோடு. இரண்டும் P-யில் சேர்ந்து புறப்பட்டு அடிப்பக்கத்தில் வெவ்வேறு இடங்களில் இறங்குகின்றன. இடையே ஒரு கையகலம். அவர் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நரைத்த பிடரியில் வியர்வை இறங்குகிறது. எத்தனை வகுப்புகளுக்கு, எத்தனை பெண்களுக்கு அவர் அதை ஒரே கோடாகப் போட்டிருப்பார், அத்தனையும் இப்போது அவர் கண்முன் போய்க்கொண்டிருக்க வேண்டும், அதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை, நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.

"என்ன சார் ஆச்சு?" சுகிர்தா மேடம் கேட்கிறார். "பிள்ளைங்க சிரிச்சாங்க, நீங்க எந்திரிச்சுப் போனீங்க. நான் தமிழ் எடுத்தவ, எனக்கு உங்க கோடு புரியாது. யாரு சரின்னு மட்டும் சொல்லுங்க. பள்ளிச் செயலர்கிட்ட நான் சாயங்காலம் ஒரு பேரைக் கொடுத்தாகணும்." ஆக அவர் சொல்வதுதான். இந்த அறையில் எனக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர், சொன்னால் நஷ்டமும் அவருக்குத்தான். மேடம், புத்தகத்துல இல்லாத குழப்பம், பிள்ளைங்களுக்கு ஒத்துவராது என்றால் போதும், அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது, நான் கைப்பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடக்க வேண்டியதுதான், மதினி வாசலில் நின்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, சாப்பிடுறீங்களா என்பாள். அவர் தொண்டையைச் செருமுகிறார். பெண்கள் தலைகளைத் திருப்பித் திருப்பி, மேடம், சார், நான். "அவங்க சரி" என்கிறார். பலகையைப் பார்த்தபடியே சொல்கிறார். பிறகு இன்னும் உரக்க, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "நான் சொல்லிக் குடுத்தது தப்பு. அந்தக் கோட்டை அவங்களா போடல, நான்தான் வெளியில வச்சுப் போடச் சொன்னேன்." சுகிர்தா மேடம் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். "பேரைக் கொடுத்துருங்க மேடம். ஒன்பதாம் கிளாஸை அவங்களே எடுக்கட்டும்." அந்தக் கடைசி வாக்கியத்தில் பெருந்தன்மை எவ்வளவு, காயம் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நாளையிலிருந்து இவரோடு ஒரே ஆசிரியர் அறையில், ஒரே மேசையில். வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி இன்னும் உடம்பை வந்து சேரவில்லை.

அவர் சாக்பீஸை என் கையில் திருப்பி வைக்கிறார், ஈரமாக இருக்கிறது. பின்பெஞ்சுக்குப் போவார் என்று நினைக்கிறேன். போகவில்லை. "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்று மாரிக்கனியிடம் சொல்லி, முதல் பெஞ்சின் ஓரத்தில், முழங்கால் இடிக்க, குறுகி உட்கார்கிறார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அவளுடைய நோட்டிலேயே ஒரு தாளைக் கேட்டு வாங்குகிறார். எவளும் சிரிக்கவில்லை. "முதல்லேருந்து வாங்க டீச்சர்" என்கிறார், கண்ணாடிக்குள் கண் சற்றும் இளகாமல். இனி ஒவ்வொரு வரியிலும் தப்புத் தேடுவார். தேடட்டும், நானும் தேடிக்கொண்டேதான் எழுத வேண்டும். பலகையை முழுவதும் துடைக்கிறேன், தூசி மூக்கில் ஏறுகிறது, கையை நன்றாக உயர்த்துகிறேன், கைக்குழி ஈரம் தெரிந்தால் தெரியட்டும், மேல் விளிம்பில் AB = AC என்று மீண்டும் எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்து, "A-யிலேருந்து ஒரே ஒரு கோடு போட அனுமதி உண்டு. அது என்ன கோடா இருக்கணும்? நீங்க சொல்லுங்க" என்கிறேன். இம்முறை ஒரே குரல் வரவில்லை. ஒருத்தி இருசமவெட்டி என்கிறாள், இன்னொருத்தி செங்குத்து என்கிறாள், மூன்றாமவள் அடிப்பக்கத்தின் நடுப்புள்ளி என்கிறாள், நான்காமவள் ஏன் என்று கேட்கிறாள், வகுப்பு முழுக்க ஒரே சண்டை, அந்த இரைச்சலின் நடுவே சுயம்புலிங்கம் சார் பள்ளிப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கிக்கொண்டு, என் அனுமதிக்காகக் காத்திருக்கிறார்.